துளையிடும் கலை: துரப்பண அலகுகளின் தேர்வும் பயனும் பேணலும்

முன்னுரை

மனிதன் கண்ட கருவிகளுள் வெட்டும் கருவிக்கும் அடிக்கும் கருவிக்கும் கிடைத்த புகழ், துளைக்கும் கருவிக்குக் கிடைக்கவில்லை. வாளும் ஏரும் உளியும் ஏட்டிலே இடம்பெற்றன. துரப்பணமோ பட்டறையின் மூலையிலேயே தங்கிவிட்டது. ஆயினும் ஊசியின் காது முதல் அனல்மின் நிலையக் கொதிகலன் வரை, குழந்தையின் கழுத்துமணி முதல் நாதசுரம் வரை, துளை இன்றி நிறைவுறும் பொருள் மிகச் சிலவே. பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பதும், அவற்றின் வழியே நீரையும் காற்றையும் இசையையும் செலுத்துவதும் துளையே ஆகும்.

கல்லணைக் கால்வாய் பாயும் பூதலூர் வட்டாரம் நெல்லுக்குப் பெயர் பெற்றது. எனினும் அவ்வூர் வழியே செல்லும் தஞ்சை–திருச்சி இருப்புப் பாதையில் மேற்கு நோக்கிச் சென்றால், 1965 முதல் கொதிகலன்களை உருவாக்கிவரும் பெல் தொழிற்சாலை திருவெறும்பூரிலும், 1928-இல் தொடங்கப்பெற்ற இருப்புப்பாதைப் பணிமனை பொன்மலையிலும் உள்ளன. ஆக, வயலுக்கும் பட்டறைக்கும் இடையே வாழ்வது இப்பகுதி. இங்குள்ள இளைஞர் பலர் ஐ.டி.ஐ. பயின்று இயந்திரத்தின் முன் நிற்கின்றனர். உழவர் வீடுகளிலும் இன்று மின் துரப்பணம் புழங்குகின்றது. கருவி எளிதில் கிடைத்துவிட்டது; அதனைப் பற்றிய தெளிவு அதே அளவிற்குக் கிடைத்துள்ளதா என்பதே வினா. அத்தெளிவை எளிய முறையில் தருதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'துரப்பணம்' என்பது துளையிடும் கருவிக்குரிய பழைய தமிழ்ச் சொல். 'தமர்' என்ற சொல் துளையையும், தச்சர் துளையிடும் கருவியையும் குறிக்கும். இன்றைய பட்டறையில் 'டிரில்' என்றும், அதில் பொருத்தும் முனைக்கருவியை 'டிரில் பிட்' என்றும் வழங்குகின்றனர். பறவையின் அலகு போல முன்னே நின்று கொத்திச் செல்வதால், அம்முனைக்கருவியை 'அலகு' என இக்கட்டுரை குறிக்கும். அலகைச் சுழற்றுவது இயந்திரத்தின் வேலை. துளைப்பது அலகின் வேலை. விலை மிகுந்த இயந்திரத்தில் மழுங்கிய அலகைப் பொருத்துவதைவிட, எளிய இயந்திரத்தில் கூரிய அலகைப் பொருத்துவதே மேல் என்பதைத் தொழிலாளர் அனைவரும் அறிவர்.

வரலாற்றில் ஒரு பார்வை

துளையிடும் கலை வேளாண்மைக்கு நிகரான பழைமை உடையது. பலுச்சித்தானத்து மெகர்கர் என்னும் புதிய கற்கால ஊரில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பே, உயிருடனிருந்த மனிதரின் பற்களைக் கல்முனைத் துரப்பணத்தால் துளைத்துள்ளனர் என்பதை 2006-இல் வெளியான ஆய்வு உலகிற்கு அறிவித்தது. மணிகளைத் துளைத்துப் பழகிய கைகளே பல்லையும் துளைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. காவிரியோடு கலக்கும் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடத்தியது. அங்குப் பளிங்கு, சூதுபவளம், நீலக்கல், பச்சைக்கல் முதலியவற்றாலான மணிகள் முடிந்த நிலையிலும் முடியாத நிலையிலும் கிடைத்தன. பளிங்கைத் துளைக்க இரும்பு போதாது. பளிங்கினும் கடிய பொருள் வேண்டும். குசராத்து மாநிலத்துக் கம்பாத்தில் மணித்தொழிலாளர் வில் துரப்பணத்தின் நுனியில் வைரத் துணுக்குகளைப் பதித்துத் துளையிடும் மரபு நம் காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. 'துளைக்கப்படும் பொருளைவிடத் துளைக்கும் முனை கடியதாக இருத்தல் வேண்டும்' என்னும் முதல் விதியை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்க.

இன்று நாம் காணும் திருகு வடிவ அலகு அண்மைக் காலத்தது. அமெரிக்கரான இசுடீபன் மோர்சு என்பவர் 1863-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய தட்டை அலகுகள் துளைத்த துகளைத் துளைக்குள்ளேயே விட்டுவிடும். மோர்சின் திருகுப் பள்ளமோ, துளைக்கும்போதே சீவலை மேலேற்றி வெளியே தள்ளிவிடும். 1900-இல் பாரிசுப் பொருட்காட்சியில், டெய்லர், ஒயிட் ஆகிய இருவரும் உருவாக்கிய உயர்வேக எஃகு காட்டப்பெற்றது. கரிம எஃகு ஏறத்தாழ 250 பாகை வெப்பத்திலேயே தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். உயர்வேக எஃகோ 600 பாகை அளவிற்கும் தாங்கும். 1920-களின் பிற்பகுதியில் செருமனியின் குரூப் நிறுவனம் டங்சுடன் கார்பைடை 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 'வைரம் போன்றது' என்னும் செருமானியத் தொடரின் சுருக்கமே அப்பெயர்.

அலகின் உறுப்புகள்

திருகு அலகு ஒன்றைக் கையிலெடுத்து உற்று நோக்குக. இயந்திரத்தின் சக்கினுள் செல்லும் பகுதி தண்டு. உடலைச் சுற்றி ஏறுபவை இரு பள்ளங்கள். சீவல் வெளியேறுவதும், குளிர்விக்கும் நீர்மம் உட்செல்வதும் இவற்றின் வழியாகவே. நுனியில் இரண்டு வெட்டும் விளிம்புகள் உள்ளன. அவையிரண்டும் சந்திக்கும் நடுவில் உளி போன்ற சிறு கோடு ஒன்றுண்டு. அது வெட்டுவதில்லை, பொருளை நசுக்கி ஒதுக்குகின்றது. பெரிய துளையிடுமுன் சிறிய வழித்துளை இடுவது, இந்த நடுக்கோட்டின் சுமையைக் குறைப்பதற்காகவே.

இரு விளிம்புகளுக்கும் இடையே அமைவது முனைக்கோணம். பொதுப் பயனுக்கு 118 பாகை. எவர்சில்வர் போன்ற கடிய உலோகத்திற்கு 135 பாகை. விளிம்பின் பின்புறம் சற்றே சரிந்திருக்கும். இதனை ஒதுக்கக் கோணம் எனலாம். இது பொதுவாக 8 முதல் 12 பாகை வரை இருக்கும். இச்சரிவு இல்லையேல் அலகின் முதுகு பொருளின்மீது உராயுமே அன்றி வெட்டாது. மிகுந்துவிட்டாலோ விளிம்பு வலுவிழந்து உதிரும்.

பொருளுக்கேற்ற அலகு

மரம்: மரத்திற்கெனச் செய்த அலகின் நடுவில் கூர்முள் ஒன்று நிற்கும். அது குறித்த இடத்தை விட்டு அலகு நழுவாமல் காக்கும். ஓரங்களிலுள்ள சிறு கூர்கள் நாரை முதலில் அறுத்துவிடுவதால் துளையின் வாய் பிசிரின்றி அமையும். கதவுப் பூட்டுக்கான பெரிய துளைக்குத் தட்டை அலகும், ஆழமான துளைக்குத் தச்சர் பயன்படுத்தும் திருகு முனை அலகும் ஏற்றவை. மரத்தின் அடியில் பயனற்ற பலகை ஒன்றை வைத்து இறுக்கிக்கொண்டால், அலகு வெளிப்படும் பக்கம் சிதறாது.

இரும்பும் எஃகும்: சாதாரண மென்னெஃகிற்கு, தண்டில் எச்.எஸ்.எஸ். எனப் பொறித்த உயர்வேக எஃகு அலகே போதும். வார்ப்பிரும்பில் இயல்பாகவே கரித்துகள் கலந்திருப்பதால் எண்ணெய் தேவையில்லை, உலர்வாகவே துளைக்கலாம்.

எவர்சில்வர்: பலரும் தோல்வியுறும் இடம் இது. எவர்சில்வரை வெட்டாமல் உராய்ந்துகொண்டே இருந்தால், உராய்ந்த பரப்பு இறுகி முன்னினும் கடியதாகிவிடும். பின்னர் எத்துணை அழுத்தினும் அலகு இறங்காது. ஆகவே வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை விடாது நிலையாகக் கொடுத்து, எண்ணெய் ஊற்றித் துளைத்தல் வேண்டும். கோபால்ட்டு 5 அல்லது 8 விழுக்காடு கலந்த அலகு இதற்குச் சிறந்தது.

பித்தளையும் அலுமினியமும்: பித்தளையில் கூரிய அலகு திடீரென்று பொருளைக் கவ்வி இழுத்துவிடும். வெட்டும் விளிம்பின் முன்முகத்தைச் சாணையில் இலேசாகத் தட்டையாக்கினால் இத்தொல்லை நீங்கும். அலுமினியச் சீவல் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும் தன்மையது; மண்ணெண்ணெய் சில துளி விட்டு, அடிக்கடி அலகை வெளியே எடுத்தல் நலம்.

செங்கல்லும் கான்கிரீட்டும்: இவற்றிற்கு நுனியில் கார்பைடு பதித்த அலகும், சுழலும்போதே தட்டும் இயந்திரமும் வேண்டும். இவ்வலகு கல்லை வெட்டுவதில்லை; தட்டி நொறுக்குகின்றது. எனவே இதனை இரும்பில் பயன்படுத்துதல் கூடாது. இரும்பலகைச் சுவரில் பயன்படுத்துதலும் கூடாது. தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் இன்றும் உள்ளன. அவற்றில் தட்டும் இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டும் துளைக்க வேண்டும். இல்லையேல் காரை பெயர்ந்து துளை வாய் பிளந்துவிடும். கான்கிரீட்டினுள் கம்பி தட்டுப்பட்டால் வலிந்து துளைக்காமல் இடத்தை மாற்றுவதே அறிவுடைமை. கம்பியை அறுப்பது கட்டடத்தின் வலிமையை அறுப்பதாகும்.

ஓடும் கருங்கல்லும்: வழுவழுப்பான தரை ஓட்டின்மீது ஒட்டுத்தாள் ஒட்டி, தட்டும் இயக்கமின்றி, குறைந்த வேகத்தில் ஈட்டிமுனை அலகால் தொடங்குக. கருங்கல்லுக்கும் கடிய ஓட்டிற்கும் வைரத்துகள் பதித்த குழல் அலகே உரியது; இடைவிடாது நீர் ஊற்றுதல் வேண்டும். மின்கருவியும் நீரும் சேருமிடத்தில் மின்கசிவுத் தடுப்புச் சாதனம் இன்றிப் பணிசெய்தல் உயிருக்கே ஊறாகும்.

வேகமும் குளிர்ச்சியும்

'வேகமாகச் சுற்றினால் விரைவில் துளைக்கும்' என்பது பரவலான பிழைக்கருத்து. அலகின் விளிம்பு நிமிடத்திற்கு எத்துணை மீட்டர் தொலைவு வெட்டிச் செல்லலாம் என்பதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்புண்டு. உயர்வேக எஃகு அலகிற்கு மென்னெஃகில் ஏறத்தாழ 25 மீட்டரும், எவர்சில்வரில் 12 மீட்டரும், அலுமினியத்தில் 60 மீட்டரும் கொள்ளலாம். இவ்வெண்ணை 318-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் கூறப்படும் அலகின் விட்டத்தால் வகுத்தால், நிமிடச் சுற்று எண்ணிக்கை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 10 மி.மீ. அலகு மென்னெஃகில் ஏறத்தாழ 800 சுற்றுச் சுற்றலாம், 5 மி.மீ. அலகு 1600 சுற்று; 20 மி.மீ. அலகோ 400 சுற்றுதான். எவர்சில்வரில் 10 மி.மீ. அலகிற்கு 380 சுற்றே போதும். அலகு பெருக்கப் பெருக்க வேகம் குறைய வேண்டும். பொருள் கடினமாகக் கடினமாகவும் வேகம் குறைய வேண்டும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், பாழாகும் அலகுகளில் பெரும்பகுதி தப்பும்.

துளையின் ஆழம் விட்டத்தைப் போல் மூன்று நான்கு மடங்கைக் கடந்தால், சற்றுத் துளைத்து, அலகை வெளியே எடுத்து, சீவலை நீக்கி, மீண்டும் துளைத்தல் வேண்டும். கோழி இரை கொத்துவது போன்ற இம்முறையால் சீவல் அடைத்து அலகு முறிவது தடுக்கப்படும்.

அறுவடைக் காலத்தில் ஒரு துளை

சம்பா அறுவடையின்போது அறுவடை இயந்திரத்தின் மறைதிருகி ஒன்று முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால், விளைந்த கதிர் வயலில் காத்துக் கிடக்கும். மேகம் திரண்டு நிற்கும் வேளையில் உழவனின் ஆண்டு முழுமையும் அந்த ஒரு துளையைப் பொறுத்ததாகிவிடும். ஈண்டுச் செய்ய வேண்டுவன யாவை?

முதலில் முறிந்த முகத்தை அரத்தால் சமனாக்கி, சரியான நடுவில் சென்டர் பஞ்ச் கொண்டு குழி இடுக. நடு தவறினால் உட்புற மரை கெட்டுவிடும். பின்னர்ச் சிறிய அலகால் வழித்துளை இட்டு, படிப்படியாகப் பெரிதாக்குக. இயந்திரங்களின் மறைதிருகிகள் பெரும்பாலும் கடினமாக்கப்பட்டவை. ஆதலின் கோபால்ட்டு அலகு நன்று. இடப்புறம் சுழலும் அலகு கிடைப்பின் அதனைப் பயன்படுத்துக; துளைக்கும்போதே திருகி தானாகச் சுழன்று வெளிவருவதும் உண்டு. இல்லையேல் திருகி நீக்கும் கருவியைத் துளையில் செலுத்தி மெல்லத் திருப்புக. அக்கருவி உள்ளே முறிந்துவிட்டால் உயர்வேக எஃகு அலகு அதனைத் தொடாது. ஆகவே பொறுமை இன்றியமையாதது.

புதிதாக மரை வெட்ட நேர்ந்தால், திருகியின் விட்டத்திலிருந்து மரையின் இடைவெளியைக் கழித்தால் துளையின் அளவு கிடைக்கும். 6 மி.மீ. திருகிக்கு 5 மி.மீ.; 8-க்கு 6.8, 10-க்கு 8.5, 12-க்கு 10.2 மி.மீ. என்பன வழக்கமான அளவுகள்.

இசைக்கும் துளை

தஞ்சை மாவட்டத்தில் துளையிடும் கலை அதன் உச்சியைத் தொடும் இடம் தொழிற்சாலை அன்று. நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர். நாதசுரம் செய்வதற்கு உலகறிந்த இவ்வூரின் படைப்பிற்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுகள் பல கடந்து நன்கு உலர்ந்த ஆச்சா மரமே இதற்கு மூலப்பொருள். அம்மரத்தைக் கடைந்து, நீண்ட துரப்பண அலகுகளால் உள்ளே துளைத்து, மேலே குறுகியும் கீழே விரிந்தும் செல்லும் கூம்பு வடிவ உட்குழலை அமைக்கின்றனர்.

நாரின் போக்கிலேயே இரண்டடிக்கும் மேலாகத் துளைத்தல் எளிதன்று. மரத்தின் ஒரு பக்கம் வன்மையாகவும் மறுபக்கம் மென்மையாகவும் இருப்பின், நீண்ட அலகு மென்மையை நாடி வளையும். துளை நடுவினின்று விலகினால் குழலின் சுவர் ஒருபுறம் மெலியும். அம்மரம் அத்துடன் பயனற்றதாகும். மீண்டும் அத்தகைய பழமரம் கிடைப்பது அரிது. ஆகவேதான் அலகின் கூர்மை, மரம் நடுவில் நிற்றல், அவசரமின்மை ஆகிய மூன்றும் அங்கே ஒழுக்கமாகவே பேணப்படுகின்றன. பின்னர் இடும் ஏழு விரல் துளைகளின் இடமும் அளவும் சுரத்தை முடிவு செய்கின்றன. பட்டறையில் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை திருகியைப் பொருந்தாமற் செய்யும். இங்கோ அப்பிழை செவியிலேயே ஒலிக்கும். சில குடும்பங்களின் கைகளில் மட்டும் வாழும் இவ்வறிவு ஏட்டில் ஏறாமலே மறைந்துவிடலாகாது.

கூர்மையும் பேணலும்

அலகு மழுங்கியதை எவ்வாறு அறிவது? நீண்ட சுருளாக வந்த சீவல் தூளாக வரும், கீச்சென்ற ஒலி எழும், புகை வரும், கை மிகுந்து அழுத்தும். இவற்றுள் ஒன்று தோன்றினும் நிறுத்திவிட்டுச் சாணை பிடித்தல் வேண்டும்.

சாணை பிடிக்கையில் இரு விளிம்புகளும் நீளத்திலும் கோணத்திலும் ஒத்திருத்தல் தலையாய நெறி. ஒன்று நீண்டுவிட்டால் துளை அலகின் அளவினும் பெரிதாகிவிடும். கோணத்தைச் சோதிக்கப் பட்டறையில் எளிய வழி ஒன்றுண்டு. ஆறுபக்க நட்டுகள் இரண்டைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து வைத்தால், இடையே 120 பாகைக் கோணம் அமையும். 118 பாகை முனை அதில் ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். சரியாகத் தீட்டிய அலகு இரு பள்ளங்களின் வழியாகவும் சமமான சீவலை வெளியேற்றும்.

சாணையில் அலகு மிகவும் சூடேற விடலாகாது. கரிம எஃகு அலகு நீலநிறம் அடைந்தால் அதன் கடினம் போயிற்று என்று அறிக. இதனை அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்ட வேண்டும். உயர்வேக எஃகு வெப்பம் தாங்கும் எனினும், மிகச் சூடேறிய நிலையில் திடீரென நீரில் அமிழ்த்தினால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். காற்றில் ஆறவிடுதலே முறை. கார்பைடு முனைக்குச் சாதாரணச் சாணைக்கல் உதவாது. பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடு கல்லோ வைரக்கல்லோ தேவை. பொன்னிறப் பூச்சுள்ள அலகைத் தீட்டினால் முனையில் பூச்சு நீங்கிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

பணி முடிந்ததும் அலகைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, அளவு குறித்த தாங்கியில் நிறுத்தி வைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் கொட்டி வைத்தால், ஒன்றின் கூர் மற்றொன்றின் மேல் மோதிக் கெடும். கடலோரக் காற்றும் மழைக்கால ஈரமும் மிகுந்த காவிரிப்படுகையில் துருவே அலகின் முதற்பகை.

உயிரும் உறுப்பும்

கண்ணாடி அணியாமல் துளைத்தல் கண்ணைப் பணயம் வைத்தலாகும். ஆனால் நிலைத்துரப்பணத்தில் கையுறை அணிதல் கூடாது. சுழலும் அலகு துணியைப் பற்றிக் கையையே இழுத்துவிடும். தொங்கும் துப்பட்டா, வேட்டியின் நுனி, அவிழ்ந்த கூந்தல் ஆகியன அனைத்தும் இவ்வகையிலே தீங்கானவை. துளைக்கும் பொருளைக் கையாற் பிடிக்காமல் பிடிப்பானில் இறுக்குக. மெல்லிய தகடு அலகோடு சேர்ந்து சுழன்றால் கத்தியாகிவிடும். சக்கின் சாவியை எடுத்த பின்னரே மின்னைச் செலுத்துக. சீவலைத் தூரிகையால் நீக்குக.

கல்லும் கான்கிரீட்டும் துளைக்கும்போது எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் உள்ளன. அவை நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துத் தீராத நோயைத் தரும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. தக்க முகமூடியும், நீர்விட்டுத் துளைத்தலும் வேண்டும். கூலிக்காகத் துளையிடும் இளைஞனுக்கு இதனைச் சொல்லுதலும், முகமூடியை வாங்கித் தருதலும் வேலை கொடுப்போரின் கடமையாகும்.

முடிவுரை

பொருளை அறிதல், அதற்குரிய அலகைத் தெரிதல், அளவான வேகம், போதிய குளிர்ச்சி, இடையறாத கூர்மை, எஞ்ஞான்றும் எச்சரிக்கை ஆகிய ஆறும் துளையிடும் கலையின் உறுப்புகள் எனலாம். இவற்றுள் எதுவும் பெரும்பொருட் செலவால் வருவதன்று, கவனத்தால் வருவது.

இவ்வறிவு பெரிதும் ஆங்கில நூல்களிலும் தொழிலாளரின் வாய்மொழியிலும் இருக்கின்றது. கொடுமணல் மணித்தொழிலாளனும் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞரும் வாழ்ந்த மொழியில் அது எழுதப்படுதல் அரிதன்று. தமிழ் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் கருவிப் பெயர்களையும் தொழில் நுட்பங்களையும் கேட்டுக் குறித்து வருவார்களாயின், அது மொழிக்கும் தொழிலுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாக அமையும்.